ஜீப்பின் தனி ராடு

மணலில் போக வேண்டும், மைலேஜ் கொடுக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வண்டியில் அமைவது கஷ்டம்.

1947-ல் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அதில் கியர் ராடு தவிர இன்னொரு ராடு உண்டு. அதைப் போட்டால்தான் முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். தார் ரோட்டில் பின்சக்கரங்களே போதும். ஆனால் அந்தக் கூடுதல் இரும்பை வண்டி எப்போதும் சுமக்க வேண்டும். பெட்ரோலும் நிறைய குடித்தது. 1980-களில் எம்எம் 540 மாடலில் பெஜோ டீசல் எஞ்சின் வந்தது.

செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆராய்ச்சி மையத்தில் உருவான புதிய 'தார்' 2020 அக்டோபரில் வந்தபோது எல்லா மாடலிலும் நான்கு சக்கர இழுவை இருந்தது. 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, 1.5 லிட்டர் டீசல் எஞ்சினோடு 9.99 லட்சம் ரூபாய்க்கு ஒரு மாடல் வந்தது. நீளம் நான்கு மீட்டருக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் என்பதால் வரியும் குறைந்தது.

மிச்சமான பணத்தின் கணக்கு மாமல்லபுரம் மணலில்தான் தெரியும். பின்சக்கரம் புதைந்தால் முன்சக்கரம் இழுக்காது. டயரில் காற்றைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். ஈசிஆரில் மட்டும் ஓட்டுபவருக்கு அந்த ராடு வீண் சுமை. மணலில் இறங்குபவருக்கோ அது இல்லாவிட்டால் ஜீப்பே இல்லை.