துணைநொதி கண்ட வரலாறு

உயிரியல் பாடநூலில் உயிரணுச் சுவாசம் பற்றிய படத்தைக் காண்போர், அதில் என்.ஏ.டி., எஃப்.ஏ.டி. என்னும் எழுத்துக் கூட்டங்களைக் காணாதிருக்க முடியாது. மாணவர் அவற்றை மனனம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை. எழுத்துகளைக் காட்டிய நாம் அவற்றின் பின்னுள்ள வரலாற்றைக் காட்டினோமில்லை. அவ்வரலாறு 1897 முதல் 1937 வரை நாற்பது ஆண்டுகள் நீண்டது. அதில் ஈஸ்டுக்கு இடமுண்டு. அரிசித் தவிட்டுக்கு இடமுண்டு. சிறைக் கைதிகளுக்கும் இடமுண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத்திற்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

பிழிந்த சாறு

1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் எடுவர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். உயிருள்ள அணு ஒன்றேனும் இல்லாத அச்சாறு சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றிற்று. நொதித்தலுக்கு உயிருள்ள அணு இன்றியமையாதது என்ற நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது. அணுவுக்குள் இருக்கும் நொதிகளே அவ்வேலையைச் செய்கின்றன என்பது புலனாயிற்று.

அச்சாற்றை மேலும் ஆராய்ந்தவர்கள் இலண்டன் லிஸ்டர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஆவர். 1906-ல் அவர்கள் ஈஸ்ட் சாற்றைக் கூழ்ப்பசை ஏற்றிய நுண்வடிகட்டியின் வழியே அழுத்திச் செலுத்தினர். பெரிய மூலக்கூறுகள் மேலே தங்கின. சிறியவை கீழே இறங்கின. மேலே தங்கியது தனித்து நின்று சர்க்கரையை நொதிக்கச் செய்யவில்லை. கீழே இறங்கியதும் செய்யவில்லை. இரண்டையும் மீண்டும் கலந்தபோதோ நொதித்தல் தொடங்கிற்று. கீழே இறங்கிய நீரைக் கொதிக்க வைத்துச் சேர்த்தாலும் அது பயன் தந்தது. நொதியோ கொதித்தால் கெட்டுவிடும். ஆகவே நொதியல்லாத, வெப்பத்தைத் தாங்கும், சிறிய துணைப்பொருள் ஒன்று உண்டு என்று அவர்கள் முடிவு செய்தனர். அதுவே துணைநொதி. அஃது இன்ன பொருள் என்பதை அப்போது எவரும் அறிந்திலர்.

கைக்கெட்டியும் அறியாத பொருள்

அதே காலத்தில் கிழக்கு நாடுகளில் பெரிபெரி நோய் பல்லாயிரவரை வாட்டிக்கொண்டிருந்தது. மலாயாவில் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே அந்நோய் மிகுதியாகவும், புழுங்கல் அரிசியை உண்ட தமிழரிடையே அரிதாகவும் இருந்ததை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் எடுத்துரைத்தார். ஆயினும் கெட்ட அரிசியில் தோன்றும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். 1907 முதல் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்தைச் சேர்ந்த டுரியான் திப்புஸில், சாலைப் பணியில் இருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வெள்ளரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றிற்று; புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் தோன்றவில்லை. நஞ்சு ஏறியதால் அன்று, தவிட்டோடு ஏதோ ஒரு சத்து நீங்கியதாலேயே நோய் வருகிறது என்பது தெளிவாயிற்று.

ஜாவாவில் எய்க்மனும் கிரைன்ஸும், மலாயாவில் இவ்விருவரும் கண்ட உண்மைகளின் அடிப்படையில், அச்சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப் புகுந்தவர் காசிமிர் ஃபங்க். அவர் ஆய்வு நடத்திய இடமும் ஹார்டன் இருந்த அதே லிஸ்டர் கழகமே. அச்சத்துக்கு 1912-ல் 'வைட்டமின்' என்னும் பெயரை அவர் முன்மொழிந்தார். தவிட்டையும் ஈஸ்டையும் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தபோது நிக்கோட்டினிக் அமிலம் என்னும் பொருள் அவர் கைக்குக் கிடைத்தது. ஆனால் அது பெரிபெரியைத் தீர்க்கவில்லை; ஆதலின் அதன் பெருமை அறியப்படாமல் போயிற்று.

அப்பொருளே ஹார்டன் தேடிய துணைநொதியின் இன்றியமையாத உறுப்பு! ஒரே கழகத்தில் ஒருவரிடம் வினா இருந்தது. மற்றவரிடம் விடை இருந்தது. விடையை வைத்திருந்தவர் கேட்டதோ வேறு வினா.

ஆயிரக்கணக்கானோர் உயிர்

இந்த அறியாமைக்கு மனித இனம் கொடுத்த விலை சிறிதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடையே பெலாக்ரா என்னும் நோய் பரவியிருந்தது. தோல் வெடிக்கும், வயிறு கழியும், அறிவு மயங்கும், முடிவில் உயிர் போகும். அது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர் அதனை மறுத்தார். 1915-ல் மிசிசிப்பி மாநிலத்து ராங்கின் சிறைப் பண்ணையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குக் குறைவுள்ள உணவைக் கொடுத்து அவர் அந்நோயை வரவழைத்தே காட்டினார். ஈஸ்ட் அதனைத் தீர்க்கும் என்பதையும் பின்னர்க் கண்டார். ஆயினும் ஈஸ்டில் உள்ள எப்பொருள் நோயைத் தீர்க்கிறது என்பதை அறியாமலே 1929-ன் தொடக்கத்தில் அவர் காலமானார்.

அந்த 1929-ஆம் ஆண்டு நினைவில் நிறுத்தத்தக்கது. நொதித்தலை ஆராய்ந்தமைக்காக ஹார்டனுக்கும், துணைநொதியைத் தூய்மைப்படுத்திய சுவீடன் நாட்டு ஆய்லர்-கெல்பினுக்கும் அவ்வாண்டில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிபெரி ஆய்வுக்காக எய்க்மன் மருத்துவப் பரிசில் பங்கு பெற்றார். நொதித்தல், பெரிபெரி, பெலாக்ரா ஆகிய மூன்றும் ஓர் ஆற்றின் கிளைகள் என்பதை அன்று ஒருவரும் உணர்ந்திலர்.

பெர்லினில் ஓட்டோ வார்பர்க் குதிரைக் குருதியின் சிவப்பணுக்களிலிருந்து வேறொரு துணைநொதியைப் பிரித்தெடுத்தார். 1935-ஐ ஒட்டி அதனுள் நிக்கோட்டினமைடு இருப்பதைக் கண்டார். ஈஸ்டின் துணைநொதியிலும் அதுவே இருந்தது. செய்தி பரவியபின், பழைய நிக்கோட்டினிக் அமிலத்தை அறிஞர்கள் புதுக்கண் கொண்டு நோக்கினர். 1937-ல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வியெம், பெலாக்ராவை ஒத்த கருநாக்கு நோயுற்ற நாய்களுக்கு அதனைக் கொடுத்தார்; நாய்கள் தேறின. விரைவில் மனிதரும் தேறினர்.

துணைநொதி செய்யும் பணி

அது செய்யும் வேலைதான் யாது? ரப்பர்த் தோட்டத்தை அறிந்தோருக்கு விளக்குவது எளிது. மரத்தில் வடிந்த பாலைத் தொழிலாளி வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து, பால் நிறுக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு மீள்கிறார். வாளி செலவாவதில்லை, சுமையே மாறுகிறது. என்.ஏ.டி.யும் அவ்வாறே, உணவு மூலக்கூறு சிதையும்போது இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரு புரோட்டானையும் ஏற்றுக்கொள்கிறது. அவற்றை ஏற்கும் இடம், நிக்கோட்டினமைடு வளையமே. பின்னர் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அச்சுமையை இறக்கிவிட்டு மீள்கிறது. எலக்ட்ரான்கள் அங்கே படிப்படியாக இறங்கி இறுதியில் ஆக்சிஜனை அடைய, நீர் உண்டாகிறது. இடையில் வெளிப்படும் ஆற்றல் ஏ.டி.பி. ஆக்கப் பயன்படுகிறது.

எஃப்.ஏ.டி. என்பது ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமினிலிருந்து அமைந்த மற்றொரு சுமப்பான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முற்றும் சிதையும்போது என்.ஏ.டி. பத்து முறையும், எஃப்.ஏ.டி. இரண்டு முறையும் சுமை ஏற்கின்றன. பழைய நூல்கள் இதனால் 36 அல்லது 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்றன, இன்றைய கணிப்பு ஏறத்தாழ 30 முதல் 32 வரை. ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்ளல் நலம்.

ஹார்டனின் சாறு நின்றுபோன காரணமும் இப்போது விளங்கும். வடிகட்டியபோது வாளிகள் கீழே போய்விட்டன, எலக்ட்ரான்களை ஏற்பாரில்லை, வேலை நின்றது. பெலாக்ரா நோயாளியின் உடலில் நேர்ந்ததும் அதுவே. ஒன்று நொதிக்காத சாறு, மற்றது மடியும் மனிதன், குறையோ ஒன்றே.

பெரிபெரியைத் தீர்க்கும் தயமினும் பின்னர்த் துணைநொதியாகவே விளங்கிற்று. அஃது எலக்ட்ரானைச் சுமப்பதில்லை. ஆனால் பைருவேட்டைச் சிதைத்து, என்.ஏ.டி. சுமை ஏற்கும் ஒரு படியை இயங்கச் செய்கிறது. நெல்லை அவித்துக் காயவைத்து அரிசியாக்கும் முறை அச்சத்தை அரிசிக்குள் ஏற்றிக் காத்தது. வேதியியல் அறியாத நம் முன்னோரின் வழக்கம் தோட்டத்துத் தமிழர் பலரைக் காத்திருக்கிறது.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. ஃபங்க் அறிவிற் குறைந்தவரல்லர். பெலாக்ராவும் உணவுக் குறைவால் வருவதாகலாம் என்று 1912-லேயே எழுதியவர். எனினும் தம் கையிலிருந்த பொருளை அந்நோய்க்கு முன் வைத்துப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு துறையின் விடை மற்றொரு துறையின் அலமாரியில் கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. அதற்குள் மாண்டவர் பலர். ஆகவே, வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, இதற்கும் அதற்கும் தொடர்புண்டோ?" என்று வினவும்போது, பாடத்திற்குப் புறம்பென்று அவனை அமர்த்திவிடாதிருப்போம்.