ஜி என்ற எழுத்தின் கதை

செல் சுழற்சிப் பாடத்தில் ஜி1, எஸ், ஜி2, எம் என்று நான்கு கட்டங்கள் வரும். எஸ் என்பது சிந்தஸிஸ், டி.என்.ஏ. படியெடுக்கப்படும் கட்டம். எம் என்பது மைட்டாசிஸ், செல் இரண்டாகப் பிரியும் கட்டம். ஜி எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பலரும் ‘க்ரோத்’, அதாவது வளர்ச்சி என்பார்கள். பெயர் வைத்தவர்கள் எண்ணியது அதுவல்ல. அவர்களுக்கு ஜி என்றால் ‘கேப்’, இடைவெளி.

பிரியாமல் இருக்கும் செல்லை ‘ஓய்வுநிலை’யில் இருப்பதாகவே ஒரு காலத்தில் எழுதிவந்தார்கள். நுண்ணோக்கியில் குரோமோசோம் தென்படவில்லை என்பதால் வேலையே நடக்கவில்லை என்று கொண்டார்கள். 1950களின் தொடக்கத்தில், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆய்வு செய்த ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த வீசியா ஃபாபா செடியின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்தார்கள். பிறகு வேர்நுனிச் செல்களின்மேல் ஒளிப்படப் படலத்தைப் போர்த்தி இருட்டில் வைத்தார்கள். புதிதாக டி.என்.ஏ. உண்டாக்கிய உட்கருக்களின்மேல் மட்டும் கருநிறப் புள்ளிகள் விழுந்தன. அப்போதுதான் பிரிந்துகொண்டிருந்த செல்களில் புள்ளி இல்லை. அவை பல மணி நேரத்துக்கு முன்பே படியெடுத்து முடித்திருந்தன. பிரிந்து முடித்த செல்களும் உடனே அடுத்த படியெடுப்பில் இறங்கவில்லை. படியெடுப்புக்கு முன்னும் பின்னும் புள்ளி விழாத இந்த நேரங்களுக்குத்தான் 1953இல் வெளியான கட்டுரையில் ஜி1, ஜி2 என்று பெயரிட்டார்கள். கண்டதற்கு மேல் ஒன்றும் சொல்லாத, நேர்மையான பெயர்.

பிரிவுக்கான ஆயத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் நடக்கிறது. உணவு போதுமா, உடல் வளர்ந்ததா என்று பார்த்து, படியெடுப்பில் இறங்கலாமா என்பதை செல் ஜி1இல் முடிவுசெய்கிறது. டி.என்.ஏ.வில் பழுதிருந்தால், அதைச் சீராக்கும்வரை ஜி2இல் காத்திருக்கிறது. 1970களில் எடின்பரோவில் பால் நர்ஸ், ஏறக்குறையப் பாதி அளவிலேயே பிரிந்துவிடும் ஈஸ்ட் செல்களைக் கண்டார். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘வீ’ என்றால் சின்னது. அந்தச் செல்களில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு அவர் வைத்த பெயரும் ‘வீ’தான். பழுதில்லாதபோது, போதிய அளவு வளரும்வரை செல்லை ஜி2இல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

இதைப் பார்த்தால் ‘வளர்ச்சி’ என்ற விளக்கம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் எஸ் கட்டத்திலும் செல் வளர்கிறது. வளர்ச்சி ஜிக்கு மட்டும் உரியதல்ல. ஆசிரியர்களே, வகுப்பில் ஜியை இடைவெளி என்றே சொல்லுங்கள். அந்த வேர்நுனிச் சோதனையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.