கைதிகள் கட்டிய எலும்புக் கப்பல்கள்



இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் பீட்டர்பரோ என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரத்து அரும்பொருட்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைகளுக்குள், சில சிறிய பாய்மரக் கப்பல்கள் நிற்கின்றன. மூன்று பாய்மரங்கள், அவற்றில் ஏறுவதற்குக் கயிற்றேணிகள், இரு பக்கமும் வரிசை வரிசையாகப் பீரங்கிகள், முகப்பில் வாளேந்திய வீரனின் சிலை, பின்புறம் சன்னல் வைத்த மாலுமித் தலைவனின் அறை என்று ஒன்றுகூடக் குறையாமல் செய்த கப்பல்கள். பால் வண்ணத்தில் பளபளவென்று இருக்கும் அவற்றைப் பார்க்கிறவர்கள் முதலில் யானைத் தந்தம் என்றே நினைப்பார்கள். தந்தம் அல்ல. மாட்டெலும்பு. சூப்புக்குப் போட்டு, இறைச்சியைத் தின்றுவிட்டு, நாம் வெளியே வீசி எறிவோமே, அந்த எலும்புதான்.

இவற்றைச் செய்தவர்கள் பெரிய பட்டறைகளில் இருந்து வேலை பார்த்த சிற்பிகள் அல்லர். வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த போர்க்கைதிகள்.

பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் 1793ஆம் ஆண்டில் போர் மூண்டது. 1802இல் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஓர் இடைவெளி. 1803 மே மாதத்தில் மறுபடியும் தொடங்கிவிட்டது. நெப்போலியன் முடிதுறந்த 1814 வரை அது ஓயவில்லை. கடலில் பிரிட்டிஷ் கப்பற்படையின் கை ஓங்கியிருந்ததால் பிரஞ்சு மாலுமிகளும் போர்வீரர்களும் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். முன்பெல்லாம் போர்க்கைதிகளை இரு நாடுகளும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். 1803க்குப் பிறகு அந்த ஏற்பாடு ஏறக்குறைய நின்றே போயிற்று. ஆகவே பிடிபட்டவன் எப்போது வீடு திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பத்தாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்களும் உண்டு. போர் முடிந்த 1814இல் பிரிட்டனில் இருந்த கைதிகளின் தொகை சுமார் 70,000.

இத்தனை பேரை எங்கே வைப்பது? பழைய போர்க்கப்பல்களின் பாய்மரங்களை எடுத்துவிட்டுத் துறைமுகங்களில் கட்டிப்போட்டு, அவற்றின் வயிற்றுக்குள் பலரை அடைத்தார்கள். பழைய கோட்டைகளிலும் அடைத்தார்கள். அதுவும் போதாமல், பீட்டர்பரோவுக்குச் சில மைல் தொலைவில் நார்மன் கிராஸ் என்னுமிடத்தில், போர்க்கைதிகளுக்கென்றே ஒரு பெரிய முகாமைக் கட்டினார்கள். அவசரம் காரணமாகக் கட்டடங்கள் எல்லாம் மரத்தாலேயே எழும்பின. 1797 ஏப்ரலில் முதல் கைதிகள் வந்து சேர்ந்தார்கள். பதினாறு நெடிய மாடிக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் சுமார் 500 பேர் தூளிகட்டிப் படுக்க வேண்டும். தப்பி ஓடினால் தூரத்திலிருந்தே கண்டுகொள்வதற்காகக் கைதிகளுக்கு மஞ்சள் உடை கொடுத்தார்கள். அதில் கைதிகளைப் பராமரித்த அலுவலகத்தின் எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும்.

அதிகாரிகளாக இருந்தவர்கள் இந்த வேலிக்குள் அதிகம் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தப்பியோட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் அவர்கள் ஊருக்குள் வாடகை வீட்டில் தங்கலாம். வேலிக்குள் கிடந்தவர்கள் சாதாரண மாலுமிகளும் படைவீரர்களும்தான். அதாவது, கப்பலில் ஏறுமுன் தச்சனாகவும் கொல்லனாகவும் மீனவனாகவும் பிழைத்தவர்கள். பிரான்சின் வடகரையில் டியெப் என்ற துறைமுகம் தந்த வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே தந்தம் செதுக்கிப் பழகிய கைகள் சிலவும் கடற்படைக்கு இழுக்கப்பட்டுக் கைதிகளோடு கைதியாக வந்து சேர்ந்தன என்று கருதப்படுகிறது.

கைதியின் உணவுக்கு அளவு இருந்தது. வாரத்தின் பெரும்பாலான நாள்களில் ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, அரை ராத்தல் மாட்டிறைச்சி, கொஞ்சம் காய்கறி. மற்ற நாள்களில் மீன். இறைச்சியை எலும்போடுதான் நிறுப்பார்கள். எடையில் எலும்பு கூடினால் வயிற்றுக்குப் போவது குறையும். ஆனால் ஐயாயிரம், ஆறாயிரம் பேருக்குச் சமைக்கும் இடத்தில் தினந்தோறும் எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்! அதற்கு விலை கிடையாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கையில் நேரம் இருந்தது, காலடியில் எலும்பு கிடந்தது.

எலும்பைக் கப்பலாக்குவது எப்படி என்று சற்று விரிவாகப் பார்ப்போம். மாட்டின் கால் எலும்புதான் இதற்கு ஏற்றது; அதுதான் நேராகவும் கனமாகவும் இருக்கும். முதலில் அதை நன்றாக வேகவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். கொழுப்பு நின்றுவிட்டால் நாளடைவில் எலும்பு மஞ்சளாகும், வாடையும் போகாது. பிறகு வெளுக்க வைத்து, வாளால் மெல்லிய பட்டைகளாக அறுத்து, அரத்தால் தேய்க்க வேண்டும். எலும்பு மரத்தைப் போல வளைந்து கொடுக்காது. சற்று அழுத்தினால் படீரென்று முறிந்துவிடும். எவ்வளவு பெரிய மாடானாலும் ஒரு சாணுக்கு மேல் நேரான பட்டை கிடைப்பது அரிது. ஆகையால் சிறு சிறு பட்டைகளாக ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கப்பலின் உடலுக்கு உள்ளே பெரும்பாலும் மரக்கட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் இந்த எலும்புப் பட்டைகளை, உண்மைக் கப்பலில் பலகை அறைவது போலவே, வரிசை வரிசையாகப் பதித்துப் பித்தளை அல்லது செம்பு ஊசிகளால் அறைந்தார்கள். ஒவ்வோர் ஊசிக்கும் முதலில் துளையிட வேண்டும். ஒரு பெரிய கப்பலில் இப்படி ஆயிரக்கணக்கான துளைகள். கடைசித் துளையில் பட்டை விரிசல் விட்டாலும் அந்தப் பட்டையைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

வெள்ளை உடலில் கறுப்புக் கோடுகள் தெரிவதற்குத் திமிங்கிலத்தின் வாயிலுள்ள கருநிறத் தகட்டை வாங்கிப் பதித்தார்கள். பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்தார்கள். பாய்மரக் கயிறுகளுக்குப் பட்டுநூல், குதிரைமயிர். சில கப்பல்களில் மனிதரின் தலைமயிரே கயிறாயிற்று. கருவிகளில் பலவற்றை அவர்களே ஆணியிலிருந்தும் உடைந்த கத்தியிலிருந்தும் செய்துகொண்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில கப்பல்களின் பின்புறத்தில் இரண்டு நூல்கள் தொங்கும். ஒன்றை இழுத்தால் இருபுறத்துப் பீரங்கிகளும் ஒருசேர உள்ளே போய்விடும்; மற்றதை இழுத்தால் வெளியே வந்து நிற்கும். வாங்க வந்த வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டால், பிறகு பெற்றோர் பேரம் பேசுவது எங்கே!

இவ்வளவும் ஒரே ஆளின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பை அறுக்க ஒருவர், உடலைக் கட்ட ஒருவர், பீரங்கி கடைய ஒருவர், கயிறு கட்ட ஒருவர் என்று சிறு குழுக்களாகச் சேர்ந்து செய்தவை பல. கயிறு கட்டுவதில் மாலுமிகளை யார் மிஞ்ச முடியும்? ஆண்டுக்கணக்கில் அந்தக் கயிறுகளில் தொங்கியவர்கள் அல்லவா? வரைபடம் எதுவும் அவர்களிடம் இல்லை. நினைவைக் கொண்டே கட்டினார்கள். அதனால்தான் பல கப்பல்களில் பாய்மரங்கள் உடலுக்குப் பொருந்தாமல் அதிக உயரமாக இருக்கின்றன. அளவு தெரிந்த அறிஞர்கள் இதைக் குறையாகக் கூறுவார்கள். நமக்கோ அது குறையாகத் தெரியவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனின் கண்ணுக்குப் பாய்மரம் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. செய்தவர்கள் பிரஞ்சுக்காரர்கள், ஆனால் கப்பல்களில் பல பிரிட்டிஷ் கொடியோடும் பிரிட்டிஷ் பெயரோடும் நிற்கின்றன. 1805 அக்டோபர் 21இல் டிரபால்கர் என்ற இடத்தில் பிரஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற தளபதி நெல்சனின் ‘விக்டரி’ என்ற கப்பலின் பெயரும் அவற்றுள் உண்டு. தங்களைத் தோற்கடித்த கப்பலையே தங்கள் கையால் செய்து விற்றார்களா என்றால், ஆம், விற்றார்கள். வாங்குகிறவன் ஆங்கிலேயன். அவனுக்குப் பிடித்த பெயர் இருந்தால்தான் காசு விழும். சில பெயர்கள் பின்னாளில் வியாபாரிகளும் உடைமையாளர்களும் சேர்த்தவை என்பதும் உண்மை.

முகாமின் வாசலில் சந்தை கூடும். சுற்றுவட்டார மக்கள் வருவார்கள். காவலர் முன்னிலையில் கைதிகள் தங்கள் பொருள்களை விற்று, காய்கறியும் புகையிலையும் வாங்கிக்கொள்வார்கள். கப்பல்கள் மட்டுமல்ல, எலும்பில் செய்த தாயக்கட்டை, சீட்டுப்பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் நூல் நூற்கும் பெண் பொம்மை, கத்தி கீழே விழும் கொலைக்கருவி பொம்மை என்று எத்தனையோ. பெரிய கப்பல் செல்வந்தர் வீட்டுக்குப் போகும். எளியவர்கள் சின்னப் பொருளோடு திரும்புவார்கள். கிடைத்த காசைச் சேர்த்து வைத்து, விடுதலையின்போது கணிசமான தொகையோடு ஊர் போனவர்களும் உண்டு.

ஆனால் எல்லாப் பொருளையும் விற்க விடவில்லை. கைதிகள் வைக்கோலைப் பின்னித் தொப்பிக்கு வேண்டிய பின்னல் செய்தார்கள். போரினால் இத்தாலியிலிருந்து தொப்பிப் பின்னல் வருவது தடைப்பட்டிருந்ததால் அதற்கு நல்ல கிராக்கி. ஆனால் அந்த வட்டாரத்து ஏழைப் பெண்களும் குழந்தைகளும் வயிறு வளர்த்ததும் இதே வைக்கோல் பின்னலில்தான். கைதிக்குச் சோறும் கூரையும் அரசாங்கம் கொடுக்கிறது. அவன் எந்த விலைக்கும் விற்கலாம். குடிசையில் இருக்கும் பெண்ணால் அந்த விலைக்கு விற்க முடியுமா? குறைந்த கூலிக்கு வேறு ஆள் கிடைத்தால் இருக்கிற ஆளின் கூலி என்னவாகும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முறையீடுகள் எழுந்தன, அரசாங்கம் வைக்கோல் பின்னலைத் தடை செய்தது. காலணி, கையுறை போன்றவற்றுக்கும் தடை வந்தது. கப்பலுக்கும் எலும்புப் பொம்மைக்கும் தடை இல்லை. ஏனெனில் அந்த ஊரில் எலும்புக் கப்பல் கட்டிப் பிழைத்தவர் எவரும் இல்லை!

தடை போட்டதும் பின்னல் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. கள்ளத்தனமாக நடந்தது. காவல் வீரர்களே பின்னலை உடையின் உள்ளே உடம்பில் சுற்றிக்கொண்டு வெளியே கடத்தினார்கள். பிடிபட்டால் அவர்களுக்குக் கசையடி. கைதிகளின் கொட்டகைகளில் திடீர்ச் சோதனை நடக்கும். கிடைத்த பின்னலை எல்லாம் முற்றத்தில் குவித்துத் தீயிடுவார்கள். காவற்படையில் இருந்தவரின் மகனாக 1810, 1811ஆம் ஆண்டுகளில் அங்கே வளர்ந்த ஜார்ஜ் பாரோ என்ற சிறுவன், பின்னாளில் எழுத்தாளனாகி, 1851இல் வெளிவந்த ‘லாவெங்ரோ’ என்ற நூலில் இந்தச் சோதனைகளைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த நெருப்பில் எரிந்தது பட்டினி கிடந்த ஒருவனின் உழைப்பு. அதை எரிக்கச் சொன்னதும் வெளியே இருந்த இன்னொருவரின் பட்டினிதான். இரண்டில் எது நியாயம் என்று நம்மால் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கைத்தொழில் தெரிந்தவன் இப்படிப் பிழைத்துக்கொண்டான். தெரியாதவன்? சூதாட்டத்தில் உடுத்திய துணியையும், மறுநாள் வரவேண்டிய உணவையுங்கூட வைத்துத் தோற்றவர்கள் முகாமில் இருந்தார்கள். அதோடு, பிரஞ்சுக் கைதிக்கு உடை கொடுப்பது யார் பொறுப்பு என்று இரண்டு அரசாங்கங்களும் கடிதம் எழுதிச் சண்டையிட்டுக் கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில், 1800–1801 குளிர்காலத்தில், காய்ச்சல் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முகாம் இருந்த காலம் முழுவதிலும் இறந்தவர்கள் சுமார் 1,770 பேர்.

1814இல் போர் முடிந்ததும் கைதிகள் ஊர் திரும்பினார்கள். 1816இல் கொட்டகைகளைப் பிரித்து, மரத்தை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். இன்று அங்கே வயல்தான் இருக்கிறது. இறந்தவர்களுக்காக 1914இல் சாலையோரத்தில் ஒரு தூண் எழுப்பி, உச்சியில் வெண்கலக் கழுகு ஒன்றை வைத்தார்கள். 1990இல் அந்தக் கழுகைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். 2005இல் புதிய கழுகு வைக்கப்பட்டது.

கப்பல்கள் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அரும்பொருட்காட்சியகத்திலும், அமெரிக்காவில் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக் காட்சியகத்திலும் அவை இருக்கின்றன. பெரிய ஏலக்கூடங்களில் இவற்றுக்கு இப்போது மிக உயர்ந்த விலை கிடைக்கிறது. விலை ஏறியதும் போலிகளும் வந்துவிட்டன. எலும்புக் கப்பல் என்று சொல்லப்படுவதெல்லாம் கைதிகள் செய்ததல்ல. உண்மையானவற்றிலும் செய்தவர் பெயர் இருப்பது மிக அரிது. கப்பலின் பெயரைப் பின்புறத்தில் அழகாகப் பொறித்தவர்கள் தங்கள் பெயரைப் பொறிக்கவில்லை.

பட்டும் மயிரும் இருநூறு ஆண்டுகள் தாங்குவதில்லை. இன்று பேழைகளில் நாம் பார்க்கும் கயிறுகளில் பல, பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் புதிதாகக் கட்டியவை. எலும்புப் பட்டைகளும் அவற்றை அறைந்த ஊசிகளும் பெரும்பாலும் அன்று அவர்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.