உயிர் காலேஜுக்கு ஒரு நாள் உலா

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மின்சார ரயில் நிலையத்துக்குப் பெயர் பார்க். அந்தப் பகுதிக்கே பார்க் டவுன் என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். இதில் பார்க் எங்கே இருக்கிறது என்று இளைஞர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், விழிப்பார். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இன்று அந்தப் பூங்காவுக்கு மனக்கண்ணால் ஒரு நாள் போய் வருவோம். டிக்கெட் வேண்டாம், வெயில் இல்லை, முழங்கால் வலிக்காரர்களும் தாராளமாக வரலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பழைய கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர் இருந்தது. அதைக் கட்டிய செலவுக்காக விதிக்க நினைத்த வரியின் பெயர்தான் இன்றும் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு உள்ளே நெருக்கமான தெருக்கள். காற்று வாங்கக் கடற்கரையை விட்டால் வேறு இடமில்லை. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், சுவருக்கு மேற்கே மக்களுக்கென்று ஒரு பூங்கா வேண்டும் என்றார். அப்படி உருவானதுதான் பீப்பிள்ஸ் பார்க். பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாத்திய மேடை.

இந்த டிரெவெலியனை முழுக்கப் புகழவும் முடியாது. 1840களில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியைக் கவனித்த லண்டன் அதிகாரி இவர்தான். அங்கே இன்றுவரை அவர் பெயரைக் கசப்போடுதான் சொல்கிறார்கள். சென்னையிலும் அதிக நாள் இருக்கவில்லை. இந்தியாவில் வருமான வரி கொண்டுவருவதை எதிர்த்துத் தன் கருத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார் என்று 1860-லேயே திருப்பி அழைத்துவிட்டார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர் நமக்கு விட்டுப் போனது இந்தப் பூங்கா.

சரி, காலை ஏழு மணி. வெறும் வயிற்றோடு நடக்க முடியாது. வால்டாக்ஸ் ரோட்டில் ஆப்பமும் வடகறியும். அசைவக்காரர்கள் பெரியமேட்டுப் பக்கம் போய்ப் பாயாவில் ஆப்பத்தைத் தோய்த்துக்கொள்ளலாம். தோல் வியாபாரத்துக்காக அங்கே வந்து தங்கிய முஸ்லிம் குடும்பங்களால் அந்தப் பேட்டையின் சாப்பாட்டுக்கே ஒரு தனி மணம்.

பத்து மணிக்கு மிருகக்காட்சிச் சாலை. இதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் 'உயிர் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. இரண்டும் ஒரே குடும்பம். மியூசியத்துக்குப் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைக்க ஆரம்பித்தார். கர்நாடக நவாபிடமிருந்தும் மிருகங்கள் வந்தன. கூட்டம் அலைமோதியது. பிறகு இந்தப் பூங்கா அமைந்ததும் உயிருள்ளவை இங்கே குடிபெயர்ந்தன. உயிரற்றவை எழும்பூரிலேயே தங்கிவிட்டன.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் அப்பா எங்களை இங்கே கூட்டி வருவார். புலிக் கூண்டுக்கு அரை ஃபர்லாங் முன்பே நாற்றம் வந்துவிடும். தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டே புலியைப் பார்ப்பாள். அப்பா கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். எனக்குக் கமர்கட்டு. பல்லில் ஒட்டிக்கொண்டு வீடு போகும்வரை இருக்கும்.

மதியம் மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் இருந்த பழைய சந்தைக்கு மாற்றாக மாநகராட்சி 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, லவ் பேர்ட்ஸ், கோழிக்குஞ்சு எல்லாம் கிடைக்கும். பாதி விலையில் கேட்டால்தான் மரியாதை. கல்லூரிப் பாடப்புத்தகத்தை இங்கே வாங்கிப் படித்து, தேர்வு முடிந்ததும் இங்கேயே விற்றுவிட்டுப் போன ஏழை மாணவர்கள் எத்தனை பேர்! வெளியே வந்து ஒரு கோலி சோடா.

பக்கத்திலேயே விக்டோரியா பப்ளிக் ஹால். 1897-ல் விவேகானந்தர் பேசிய மேடை. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடையும் இதுதான். அதை அடுத்து 1913-ல் எழுந்த ரிப்பன் கட்டடம். பின்னால் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தது இங்கேதான். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது.

மாலையில் பார்க் ஃபேர். ஆண்டு முடிவில் நடக்கும் பொருட்காட்சி. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1886 டிசம்பர் 31-ல் இந்தத் திருவிழாக் கூட்டத்தில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களை நினைப்பவர் யாருமில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குச் சௌகார்பேட்டை. வடக்கிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்களின் கச்சோரி, சூடான ஜிலேபி, பாதாம் பால். இன்னும் பசித்தால் பர்மா பஜார் பக்கம் அத்தோ. அறுபதுகளில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொள்ள, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த நம்மவர்கள் கொண்டுவந்த சொத்து அது. நூடுல்ஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ஊரை இழந்தவர்கள் ருசியை விடவில்லை.

உலா முடிந்தது. இப்போது கணக்குப் பார்ப்போம். 116 ஏக்கர் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. மக்கள் கூட ஒரு மண்டபம் வேண்டும் என்று கொஞ்சம் கொடுத்தார்கள். சந்தைக்குக் கொஞ்சம். மாநகராட்சி அலுவலகத்துக்குக் கொஞ்சம். விளையாட்டு மைதானத்துக்குக் கொஞ்சம். ஒவ்வொன்றும் நல்ல காரியம், ஒவ்வொன்றும் மக்களுக்காக. அதனால்தான் யாரும் தடுக்கவில்லை. காலி இடம் என்பதும் ஒரு நல்ல காரியம்தான் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

1985 மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. ரயில்வேக் குறிப்பில் எம்.எம்.சி. என்று போடுகிறார்களே, அது மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கடைக்காரர்கள் போன இடம் அல்லிக்குளம் வளாகம். பெயரில்தான் குளம். அதே 1985-ல் மிருகங்களுக்கு வண்டலூரில் புதிய இடம் திறந்தது. புலிக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. அந்தக் கூண்டுகளைப் பார்த்தவர்கள் வருந்த மாட்டார்கள். ஆனால் கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்குபவர் தன் பிள்ளையை நடத்தியே கூட்டிப்போய்ப் புலி காட்டிய காலம் அதோடு முடிந்தது.

ஸ்டேடியத்துக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை சென்ட்ரலில் ரயிலுக்கு நேரம் இருந்தால், பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுங்கள். பார்க் ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது.