ஆறு மாதத் தொலைவிலிருந்து நடத்தப்பட்ட கோட்டை

கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. எல்லையை அளந்தது ஒரு பீரங்கி. சுட்ட குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்கு என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

வாங்கிய முதலாளிகளோ லண்டனில். கப்பல் வந்து சேர ஏறக்குறைய ஆறு மாதம். கேட்டதற்குப் பதில் வர ஓராண்டுக்கும் மேல். நேரில் பார்க்காத துறைமுகத்தையும் துணி வியாபாரத்தையும் அவர்கள் காகிதத்தில் எழுதியனுப்பிய கட்டளைகளால் நடத்தினார்கள்.

கோட்டைக் கவுன்சில் கூடும்போதெல்லாம் நடந்ததை ஆலோசனைப் புத்தகத்தில் எழுத வேண்டும். என்ன துணி வாங்கினார்கள், யாருக்கு முன்பணம் கொடுத்தார்கள், யார் மறுப்புச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும், உறுப்பினர்கள் கையெழுத்திடுவார்கள். புத்தகத்தின் நகல் லண்டனுக்குப் போகும். கடிதங்களைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரும்.

இன்று சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளரின் டேட்டாபேஸைத் தானே எழுதிய ஸ்கிரிப்டுகளால் பராமரிப்பவருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளை, ஒவ்வொரு செயலுக்கும் பதிவு, வேறிடத்தில் ஒரு நகல்: அவர் நம்பியிருப்பதும் இவற்றைத்தான்.

அன்று நகலெடுத்தவர்கள் ரைட்டர்கள் எனப்பட்ட கம்பெனி எழுத்தர்கள். ஆண்டுக்கு 5 பவுண்டு சம்பளத்தில் 1744இல் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவும் அவர்களில் ஒருவர். ஆனால் உள்ளூர்க் கணக்கைப் பிடித்துவைத்திருந்தவர்கள் கணக்குப்பிள்ளைகளும், மொழிபெயர்த்து இடைநின்ற துபாஷிகளும். அவர்கள் இல்லாமல் அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூட நிறைந்திருக்காது. வரலாற்று நூல்கள் கிளைவுக்குக் கொடுத்த இடத்தில் சிறு பங்கைக்கூட அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இது பெரிய குறை.

தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு. 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. லண்டனைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாகத் தேவனாம்பட்டினமே மாறியது. 1752வரை அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிய கிளைவும் இங்கேதான் வந்து சேர்ந்தார். எழுதுகோலை விட்டுப் படையில் சேர்ந்ததும் இங்கேதான். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்.

சுவர் போனாலும் எழுத்து நின்றது. ஆலோசனைப் புத்தகங்களில் ஒரு பகுதியைச் சென்னை அரசு பின்னாளில் அச்சிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழம்பதிவுகள் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் எழும்பூருக்குப் போய், தங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் பெயர்களை அந்த ஏடுகளிலிருந்து திரட்ட வேண்டும்.