கடல் கடந்த கடைக்குக் காசு

கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் தொடங்கிய ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விலைபோனதாகச் சொல்லப்படுவது உடைந்துபோன லேசர் பாயிண்டர் ஒன்று. விலை 14.83 டாலர், வாங்கியவர் கனடாக்காரர். சந்தை இப்படித் தொடக்கத்திலேயே எல்லை தாண்டிவிட்டாலும் பணம் பழைய தபால் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஏலம் எடுத்தவர் காசோலையோ மணியார்டரோ எடுத்து உறையிலிட்டு அனுப்புவார். அது விற்றவர் கைக்குச் சேர்ந்து பணமான பிறகே பொருள் கிளம்பும். வெளிநாட்டுக் காசோலை என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். சின்னத் தொகையாக இருந்தால் வங்கிக் கட்டணத்துக்கே கட்டுப்படியாகாது.

இந்த இழுபறியை ஒழித்தது பேபால். 1998 இறுதியில் தோன்றி, தொடக்க காலத்தில் கன்ஃபினிட்டி என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் அது. மின்னஞ்சல் முகவரி இருந்தாலே பணம் அனுப்பலாம் என்றதும் ஈபே வியாபாரிகள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். ஈபே தன் சொந்தச் சேவையான பில்பாயிண்டை வைத்து ஈடுகொடுக்கப் பார்த்தது. முடியாமல் 2002 இல் சுமார் 150 கோடி டாலர் மதிப்பில் பேபாலையே வாங்கிவிட்டது. முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது வாங்குவோருக்குக் கிடைத்த ஆதாயம்.

வேகம் வந்தது சரி, முதலில் கையைவிட்டுப் போக வேண்டியது எது? பணமா, பொருளா? கார்டு அதிகம் புழங்காத சீனாவில் இந்தச் சிக்கல் முற்றியது. அங்கே 2003 இல் தொடங்கிய தாவோபாவ் தளம் நடுவர் முறையைக் கொண்டுவந்தது: வாங்குபவர் பணத்தைத் தளத்திடம் கட்ட வேண்டும்; பொருள் வந்து அவர் சரி என்ற பிறகே அது விற்றவருக்குப் போகும். அந்த முறையில் நடந்த முதல் வியாபாரமே கடல் கடந்தது. அந்த அக்டோபரில் ஜப்பானின் யோகோஹாமாவில் இருந்த ஒருவர் பழைய ஃபியூஜி கேமராவை 750 யுவானுக்கு விற்றார். சீனாவின் சியான் நகர மாணவர் ஒருவர் பணத்தைக் கட்டினார். கட்டிய பிறகு பயம் வந்து, திருப்பிக் கேட்டார். தளத்தின் ஊழியர் பேசித் தைரியம் சொன்ன பிறகே வியாபாரம் முடிந்தது. மறு ஆண்டு அலிபே என்ற தனி நிறுவனமாக வளர்ந்தது இந்த ஏற்பாடுதான். பேபாலின் வேகத்தைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு.

இந்தியாவில் இந்த நம்பிக்கைச் சிக்கலோடு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. இணையக் கட்டண நிறுவனங்கள் மூலம் 2,000 டாலருக்கு மேற்படாத இறக்குமதிக்குப் பணம் செலுத்த ரிசர்வ் வங்கி 2015 இல் வழிவிட்டது. 2023 இல் இந்நிறுவனங்களை நேரடியாகத் தன் கண்காணிப்பில் கொண்டுவந்து, ஒரு பொருளுக்கான வரம்பை 25 லட்சம் ரூபாய் ஆக்கியது. இதற்கிடையே 2020 இல் வந்த விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டுமே செல்லும். வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் கட்ட, அந்த வசதியைக் கார்டுக்காரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும்.