கறுப்புத் திரைக்குப் பின்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டப் பாடசாலைகளில் ஐ.சி.டி. படிப்பிக்கும் நண்பர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் பழைய கணினியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வருகிறார்கள். "லினக்ஸ் போட்டது, திரை கறுப்பாகிவிட்டது." கடையில் பெரும்பாலும் ஒரே பதில்: போர்மட் பண்ணுவோம். பிள்ளையின் சாதாரண தரச் செயற்திட்டமும் அதோடு போய்விடும். திரை கறுத்தால் கணினியே செத்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். லினக்ஸின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் லினக்ஸை எழுதினார். திரையில் சாளரங்களை வரைந்த எக்ஸ் விண்டோ அதற்கும் மூத்தது. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. இயங்குதளம் வேறு, வரைபவர் வேறு. வரைபவர் விழுந்தாலும் உள்ளே கணினி நடந்துகொண்டிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல வேளைகளில் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். அங்கே உள்நுழைந்து முதலில் கோப்புகளைப் பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

தொடக்கச் சேவைகளின் கதை எங்கள் ரயில் பாதை மாதிரி. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் வரும்வரை ஸ்டேஷனில் நிற்க வேண்டும். பழைய இனிட் முறையும் ஒரு சேவை முடிந்த பிறகே அடுத்ததை எழுப்பும். 2010இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி பலவற்றை ஒரே நேரத்தில் எழுப்பியது. வேகம் கூடியது, சண்டையும் கூடியது. 2014 பெப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் வாக்கால்தான் சிஸ்டம்டி வென்றது.

நமது நாட்டில் 2009இல் வெளிவந்த ஹந்தானை லினக்ஸ், பெடோராவை அடியாகக் கொண்டது. அந்தப் பெடோரா 2011 மே மாதம், 15ஆவது வெளியீட்டில், தொடக்கத்தையும் திரையையும் ஒரே தடவையில் மாற்றியது: சிஸ்டம்டியும் க்னோம் 3உம். க்னோம் 3 முழுமையாக ஓட கிராஃபிக்ஸ் வலு வேண்டும். பழைய பென்டியம் 4 பெட்டிகளில் அது ஏது? "லினக்ஸ் எங்களுக்குச் சரிவராது" என்ற பேச்சில் பாதி இப்படிப்பட்ட மாற்றங்களால் வந்தது என்பது நமது கணிப்பு.

சிஸ்டம்டியைத் திட்டுபவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே விழுந்தது என்று அது எழுதி வைக்கிறது. எழுத்துத் திரையில் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையை 'ஃபெயில்ட்' தெரிவோடு கொடுத்தால் விழுந்த சேவைகள் வரும். 'ஜேர்னல்சிடிஎல்' நடந்ததை வரிவரியாகச் சொல்லும். 'டிஎஃப்' கட்டளையையும் பாருங்கள். டிஸ்க் நிறைந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. கரண்ட் போய் நின்ற கணினி என்றால் ரெகவரி முறையில் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். கிராஃபிக்ஸில் சந்தேகமா? கிரப் பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' சேருங்கள். அது அந்தத் தடவைக்கு மட்டுமே செல்லும், பயப்பட ஒன்றுமில்லை.

எக்ஸின் இடத்துக்கு 2008இல் தொடங்கிய வேலண்ட் இப்போது வந்துவிட்டது. உபுண்டு 25.10இல் உள்நுழையும்போது பழைய எக்ஸுக்கு மாறும் தெரிவே இல்லை. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் எக்ஸ்எஃப்சிஇ உள்ள பதிப்பைப் போடுங்கள்.